5 மணிக்கு ஆபீஸ் விட்டாச்சு: மாலில் காணாமல் போன ஓர் அம்மாவைத் தேடிய நிகழ்வு

எதற்காக இந்தப் பதிவு

மாலில் குழந்தை காணாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். மைக்கில் சொல்வோம், வாசல்களில் ஆள் நிறுத்துவோம், பெரும்பாலும் கால் மணி நேரத்தில் பொம்மைக் கடையிலோ கேம் ஸோனிலோ பிள்ளை கிடைத்துவிடும். வயதானவர்கள் விஷயத்தில் எங்களுக்கு அப்படி ஒரு பழக்கமே இல்லை. குழந்தையைத் தேடுவது மாதிரியே ஓர் அம்மாவைத் தேடினோம், அதனால் ஒரு மாலை முழுக்கத் தவறான இடத்தில் தேடினோம்.

சென்னையின் நடுப்பகுதியில் இருக்கும் ஒரு பெரிய மாலில் நான் டூட்டி மேனேஜராக இருந்தபோது நடந்தது இது. மாலின் பெயரோ சம்பந்தப்பட்டவர்களின் பெயரோ இதில் இல்லை. அந்த அம்மாவின் மகள் முழுசாகப் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தம் சொல்லி, "போடுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்ற பிறகுதான் வெளியிடுகிறேன். மால், மருத்துவமனை, கோயில் நிர்வாகம், கல்யாண மண்டபம் என்று கூட்டம் கூடும் எந்த இடத்தில் வேலை பார்ப்பவருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன். வீட்டில் மறதிநோய் உள்ளவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கும்தான்.

பின்னணி: இடம்

ஆறு தளம், கீழே இரண்டு அடுக்கு பார்க்கிங். நடுவில் கூரை வரை திறந்த ஏட்ரியம், மேலே சினிமாவும் ஃபுட் கோர்ட்டும், மூன்றாம் தளத்தில் பிள்ளைகளுக்கான கேம் ஸோன். அது டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள். ஏட்ரியத்தில் இரண்டு மாடி உயரத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம், அதைச் சுற்றி நாள் முழுக்கப் பாட்டு. சனிக்கிழமை வேறு. எஸ்கலேட்டரில் கால் வைக்கவே வரிசை.

இந்த மாதிரிக் கட்டடத்தில் வழி குழம்புவது யாருக்கும் நடக்கும். 1956ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சவுத்டேல் திறந்தபோதுதான் நான்கு பக்கமும் மூடி, முழுக்கக் குளிரூட்டி, கடைகளை உள்நோக்கித் திருப்பி வைக்கும் இந்த அமைப்பு வந்தது. அதை வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் க்ரூன். எதை வாங்க வந்தோம் என்பது மறந்துபோய்ச் சும்மா சுற்றத் தொடங்குகிறோமே, அந்த நிலைக்கு இன்றைக்கும் அவர் பெயரைத்தான் வைத்துச் சொல்கிறார்கள். ஊர் மந்தை மாதிரி மனிதர்கள் கூடும் இடத்தைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார், மால்கள் பிறகு போன போக்கு அவருக்கே பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மாலிலும் அதே கதைதான். ஓர் எஸ்கலேட்டரில் ஏறி அடுத்ததைப் பிடிக்க வேண்டுமானால் பாதித் தளத்தைச் சுற்றி நடக்கணும். ஜன்னல் கிடையாது, பொது இடத்தில் எங்கேயும் கடிகாரம் கிடையாது, பகலா ராத்திரியா என்பது வெளியே போனால்தான் தெரியும்.

வாடிக்கையாளர் கண்ணில் படாத இன்னொரு மாலும் உள்ளே இருக்கிறது. இரண்டு கடைகளுக்கு நடுவே சுவரின் நிறத்திலேயே ஒரு கதவு இருக்கும், அதைத் தள்ளினால் சர்வீஸ் காரிடார். ட்யூப் லைட், சாம்பல் நிறச் சுவர், வரிசையாக அட்டைப் பெட்டிகள், அதன் முடிவில் சரக்கு லிஃப்ட். அந்த லிஃப்ட் இறங்கும் இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் பே, அதன் ஓரமாக ஸ்டாஃப் கேட். வேலை முடிந்து போகிறவர்கள் அங்கே செக்யூரிட்டியிடம் பையைத் திறந்து காட்டிவிட்டுப் பின்பக்கச் சந்துக்குள் இறங்குவார்கள். ஹவுஸ்கீப்பிங்குக்கும் சில கடைகளுக்கும் காலை ஷிஃப்ட் முடிவது மாலை 5 மணிக்கு.

பின்னணி: அந்த அம்மா

வயது 71. அண்ணா சாலையில் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலம் முழுக்க வீடு சைதாப்பேட்டையில். கணவர் இறந்த பிறகு மகளோடு வேறு பகுதிக்கு வந்துவிட்டார். சர்க்கரை உண்டு, அதற்கு மாத்திரை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு டிமென்ஷியாவின் (மறதிநோய்) ஆரம்ப நிலை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

பார்த்தால் எதுவும் தெரியாது. நிமிர்ந்த நடை, மடிப்புக் கலையாத புடவை, தோளில் பழுப்பு நிறத் தோல் பை. "பாட்டி" என்று யாருக்கும் கூப்பிடத் தோன்றாத தோற்றம். இது பிறகு முக்கியமாகப் போகிறது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை பேரும் வீட்டுக்குள்ளேயேவா இருப்பார்கள்? விடுமுறை நாளில் எங்கள் மாலுக்குள் ஒரே நேரத்தில் பல குடும்பங்கள் அப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் நான் இப்படி யோசித்ததே இல்லை.

நடந்தது

மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர் மூன்றே கால் மணிக்கு வந்தார்கள். சாப்பிட்டது போதும், கால் வலிக்கிறது என்று அம்மா சொல்லவும், மூன்றாம் தளத்தில் கேம் ஸோனுக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மருமகன் பிள்ளைகளோடு உள்ளே இருந்தார். கார்டில் பணம் தீர்ந்துவிட்டது என்று பெரியவன் ஓடிவர, "அஞ்சே நிமிஷம், இங்கேயே இரும்மா" என்று சொல்லிவிட்டு மகள் கவுன்டருக்குப் போனது 4.51. கவுன்டரில் நீள வரிசை. 5.05க்குத் திரும்பி வந்தபோது பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த 25 நிமிடம் மகளும் மருமகனுமே தேடியிருக்கிறார்கள். பாத்ரூம், பக்கத்துப் புடவைக் கடை, ஃபுட் கோர்ட். ஏன் உடனே எங்களிடம் வரவில்லை என்று அன்றைக்கு எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. பின்னாளில் மகளே சொன்னார்: "மைக்ல அம்மா பேரைச் சொல்லுவீங்க, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, அம்மாவைச் சரியாப் பாத்துக்கலைன்னு நினைப்பாங்கன்னு இருந்துச்சு." அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மறதிநோய் உள்ள பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் எத்தனை பேரின் பார்வைக்குப் பயந்து வாழ்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

5.30க்கு ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்தார்கள். 5.36க்கு முதல் அறிவிப்பு.

நாங்கள் எடுத்த முடிவுகள், அப்போது எங்களுக்கு இருந்த காரணங்கள்

முதல் முடிவு, மைக். ஆதாரில் உள்ள முழுப் பெயரைச் சொல்லி, "எங்கிருந்தாலும் தரைத்தளத்தில் உள்ள ஹெல்ப் டெஸ்க்குக்கு வரவும்" என்று ஆங்கிலத்திலும் தமிழிலுமாக நான்கு முறை சொன்னோம். குழந்தைக்கும் இதைத்தான் செய்வோம், ஆனால் குழந்தை விஷயத்தில் அந்த அறிவிப்பு உண்மையில் பக்கத்தில் நிற்கும் பெரியவர்களுக்கானது. அழுகிற பிள்ளையைப் பார்த்தால் யாராவது கூட்டி வந்துவிடுவார்கள். இங்கே நாங்கள் ஓர் அம்மாவிடம், அவரே வழி கண்டுபிடித்து வரச் சொல்லிக்கொண்டிருந்தோம். வழி தெரிந்தால் அவர் ஏன் காணாமல் போகிறார்? கிறிஸ்துமஸ் பாட்டைக்கூட நிறுத்தவில்லை, அதற்கு நடுவேதான் அறிவிப்பு போனது.

இரண்டாவது, அடையாளம். வாக்கி-டாக்கியில் நான் சொன்னது இது: "வயசான அம்மா, 71, காட்டன் புடவை, தனியா இருப்பாங்க." கேட்ட காவலர்கள் எல்லோரும் கூன் விழுந்த, நரைத்த, திகைத்து நிற்கிற ஒரு பாட்டியைத் தேடினார்கள். மகளின் போனில் அன்றைக்குக் காலையில் எடுத்த படமே இருந்தது. அதை வாங்கி எல்லோருக்கும் அனுப்ப எனக்குத் தோன்றியது 6 மணிக்குத்தான்.

மூன்றாவது, சிசிடிவி. வாடிக்கையாளர் வாசல் மூன்று, பார்க்கிங் லிஃப்ட் லாபி இரண்டு, இந்த ஐந்தின் பதிவுகளை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஸ்டாஃப் கேட் என் மனதில் வரவே இல்லை. அது "நம்ம ஆளுங்க போற வழி". கன்ட்ரோல் ரூமில் ஒரே ஆள், அவர் பழைய பதிவை ஓட்டினால் நேரலையைப் பார்க்க ஆள் இல்லை. ரொம்ப வேகமாக ஓட்டினால் கூட்டத்தில் முகம் தெரியாது. ஐந்து கேமராவை முடிக்க 6.25 ஆனது. எதிலும் அவர் இல்லை. இல்லை என்றதும், ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றைக்கு நான் செய்த தவறுகளில் பெரியது இதுதான்.

உள்ளேதான் என்று ஆனதும் எல்லா ஆட்களையும் உள்ளேயே இறக்கினோம். ஆறு பேர் பார்க்கிங்கில் கார் காராகக் குனிந்து பார்த்தார்கள். பெண் காவலர்கள் ஒவ்வொரு பாத்ரூமும் ட்ரையல் ரூமும் தட்டினார்கள். சினிமாவில் படம் ஓடிக்கொண்டிருந்தது, விளக்கைப் போடச் சொல்ல முடியாது, இடைவேளை வரை காத்திருந்து ஓர் அரங்கையும், டார்ச் அடித்து மற்ற அரங்குகளையும் பார்த்தார்கள். யாரும் சுணங்கவில்லை. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நான்காவது, போலீஸ். அவசர உதவி எண் 112க்குச் சொன்னது 6.10க்கு, அதாவது எங்களுக்குத் தெரிந்து நாற்பது நிமிடம் கழித்து. காணாமல் போனவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே கிடைத்துவிடுகிறார்கள், போலீஸ் வந்தால் கூட்டத்தில் பதற்றம் வரும் என்பதுதான் எங்கள் வழக்கமான நினைப்பு. ரோந்து வண்டியில் வந்த உதவி ஆய்வாளர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "வெளிய போயிருக்கலாம்ல, ஏன் உள்ளயே தேடுறீங்க?" என்னிடம் இருந்த ஒரே பதில் அந்த ஐந்து கேமரா.

திசையை மாற்றிய கேள்வி

இதற்கிடையில் ஹெல்ப் டெஸ்க் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்து, கையில் பிள்ளையின் ஸ்வெட்டரைச் சுருட்டி வைத்துக்கொண்டு. "அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி" என்று மட்டும்தான் 5.30க்கு எங்களிடம் சொல்லியிருந்தார். டிமென்ஷியா என்ற சொல்லை மருமகன்தான் ஆறு மணிக்கு மேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஓர் அக்கா. அவருடைய மாமியாருக்கும் இதே நோய் இருந்து, ஆறு வருடம் வைத்துப் பார்த்தவர். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "அம்மா வேலைக்குப் போனவங்களா? வீட்டுல இந்த நேரத்துக்கு என்ன பண்ணுவாங்க?"

மகள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அஞ்சு மணி ஆச்சுன்னா பையை மாட்டிக்கிட்டு வாசலுக்கு வந்துருவாங்க. ஆபீஸ் விட்டாச்சு, பஸ் போயிடும்னு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், அஞ்சு மணிக்குதான் நம்ம புள்ளைங்க ஷிஃப்ட் விடுது."

மணி 6.35. ஸ்டாஃப் கேட் பதிவை ஓட்டச் சொன்னேன். தேட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பதிவில் இருந்தது

மூன்றாம் தளக் கேமராவில் 4.58க்கு அம்மா பெஞ்சிலிருந்து எழுகிறார். எதிரே உள்ள சர்வீஸ் கதவு திறக்கிறது, ஒரு கடையிலிருந்து நான்கைந்து பெண்கள் பையும் டிபன் கூடையுமாக அதற்குள் நுழைகிறார்கள். பின்னால் வந்த பெண் கதவைப் பிடித்துக்கொள்கிறாள், பெரியவர் வருகிறாரே என்ற மரியாதையில். அம்மா தலையசைத்துவிட்டு உள்ளே போகிறார்.

5.09, ஸ்டாஃப் கேட். வரிசையில் ஏழாவதாக நிற்கிறார். முன்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பையைத் திறந்து காட்டுவதைப் பார்க்கிறார். தன் முறை வந்ததும் தோளிலிருந்து பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, இரண்டு பக்கமும் விரித்துக் காவலர் முன் நீட்டுகிறார். காவலர் எட்டிப் பார்த்துவிட்டுக் கையசைக்கிறார். அம்மா ஜிப்பை மூடி, பையை மாட்டி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சந்துக்குள் இறங்கிப் போகிறார். பதற்றமோ தயக்கமோ எதுவும் இல்லை. முப்பது வருடம் செய்த வேலையை விட்டு வீட்டுக்குப் போகிறவரின் நடை அது. நாங்கள் நான்கு பேர் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றோம்.

எங்களுக்குத் தகவல் வரும்போது அவர் வெளியே போய் 21 நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே நடந்த தேடல் முழுவதும் அதற்குப் பிறகுதான்.

முன்வாசலை விட்டு அவர் ஏன் இந்த வழியை எடுத்தார் என்று தெரிந்துகொள்ள, அடுத்த சனிக்கிழமை 4.45க்கு நான் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எஸ்கலேட்டர் பக்கம் ஒரே கூட்டம், சத்தம், மினுங்கும் தரை. இந்தப் பக்கம், ஐந்து மணி நெருங்க நெருங்க, கதவு திறந்து திறந்து மூடுகிறது. பெண்கள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாமாடி" என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு, பையோடு கிளம்புகிறார்கள். அந்தக் கட்டடம் முழுக்க ஆபீஸ் விடுகிற மாதிரி இருந்த ஒரே இடம் அந்தக் கதவுதான். டிமென்ஷியா உள்ளவர்கள் இப்படிக் கிளம்பிப் போவதை "சும்மா அலைவது" என்கிறோம். அவர்கள் பெரும்பாலும் எங்கேயோ போக வேண்டியவர்களாகத்தான் போகிறார்கள், பழைய வீட்டுக்கு, பழைய வேலைக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவர. சாயங்கால நேரத்தில் இந்தத் தவிப்பு அதிகமாகும் என்பதும் மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒன்று. கூப்பிட்டால் பதில் சொல்லாமல் போவதும் அப்படித்தான், தான் தொலைந்துவிட்டோம் என்றே அவர்களுக்குத் தோன்றாது.

கண்டுபிடித்தது

சந்து ஒரு பெரிய சாலையில் போய் முட்டும். போலீஸார் ஒரு பக்கமும் எங்கள் ஆட்கள் மறுபக்கமுமாகப் பிரிந்தோம். ஒவ்வொரு பஸ் நிறுத்தமாகப் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தோம். 7.15க்கு, மாலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட தள்ளி, ஒரு நிறுத்தத்தில் அவர் இருந்தார். சாலையைக் கடக்கவில்லை, நல்லவேளை.

நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பூக்கட்டும் அம்மா ஒருவர். தான் உட்காரும் முக்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். "வந்ததுல இருந்து இங்கதான் இருக்காங்க. எந்த பஸ்லயும் ஏறல. எங்கம்மா போகணும்னு கேட்டா சைதாப்பேட்டைங்கறாங்க. பஸ் வந்தா இது இல்லைங்கறாங்க. தனியா விட்டுட்டுப் போக மனசு வரல" என்றார். வேறு யாருக்கும் தெரியாத அந்த இரண்டு மணி நேரம் முழுக்க அம்மாவைப் பத்திரமாக வைத்திருந்தவர் இவர்தான்.

மகள் காரிலிருந்து இறங்கி ஓடப் பார்த்தார். ஹவுஸ்கீப்பிங் அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். "ஓடாதீங்க, அழாதீங்க, ஏன்மா இப்படிப் பண்ணேன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அவங்க ஒண்ணும் பண்ணல." தானே முதலில் போய் முக்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பஸ் லேட்டாம்மா?"

"பல்லவன் ஒண்ணையும் காணோம். எப்பவும் அஞ்சரைக்கு வந்துரும்."

சென்னை அரசுப் பேருந்துகளில் பல்லவன் என்ற பெயர் மறைந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஏன் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் உள்ளங்கையில் டிக்கெட்டுக்கு எடுத்து வைத்த சில்லறை வியர்த்துப்போய் ஒட்டியிருந்தது.

"நானும் சைதாப்பேட்டைதான். தெரிஞ்சவங்க கார் ஒண்ணு போகுது, வர்றீங்களா?"

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, இருட்டிடுச்சு" என்று எழுந்தார். காரில் மகளைப் பார்த்ததும், "நீ எங்கடி இங்க?" என்று ஆச்சரியப்பட்டார், அவ்வளவுதான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாராம். ஸ்பென்சர் எரிந்த சமயத்திலும் இப்படித்தான் பஸ் கிடைக்காமல் நின்றேன் என்று சொல்லியிருக்கிறார். அண்ணா சாலையின் பழைய ஸ்பென்சர் கட்டடம் தீப்பிடித்தது 1983ல். அந்த நிறுத்தத்தை அவர் மவுண்ட் ரோடு, அதாவது பழைய பெயரில் அண்ணா சாலை, என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து கிளினிக்கில் பார்த்ததில் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது, குதிகாலில் செருப்பு கடித்த கொப்புளம், வேறு ஒன்றும் இல்லை. ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையே செக்யூரிட்டி ஏஜென்சியிலிருந்து போன், ஸ்டாஃப் கேட் காவலரை வேலையை விட்டு எடுத்துவிடலாம் என்று. அவர் வெளிமாநிலப் பையன், தமிழ் அரைகுறை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாரையும் போலப் பையைத் திறந்து காட்டினாங்க சார். வெளியில போறவங்க பையில கடைச் சாமான் இருக்கான்னு பார்க்கத்தான் சொல்லியிருக்காங்க" என்றார். அது முழு உண்மை. அந்த கேட்டில் நாங்கள் அவருக்குக் கொடுத்த ஒரே வேலை திருட்டைப் பிடிப்பது. கழுத்தில் ஐடி கார்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவே இல்லை, ஷிஃப்ட் விடும் நேரத்தில் பாதிப் பேர் கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். அவரை எடுத்தால் அடுத்து வருபவரும் இதையேதான் செய்வார் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வேலையில் தொடர்ந்தார்.

பத்து நாள் கழித்து உட்கார்ந்து பேசினோம். ஹவுஸ்கீப்பிங் அக்காவையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன், அதற்கு முன் அவர்கள் தரப்பை எந்த ஆய்வுக் கூட்டத்துக்கும் யாரும் அழைத்ததில்லை.

மாற்றியவை

முக்கியமான மாற்றம் ஒரு தாளில் இருக்கிறது. பெரியவர் காணாமல் போனால் ஹெல்ப் டெஸ்க்கில் முதலில் கேட்க வேண்டியவை: இன்றைக்கு எடுத்த படம் இருக்கிறதா, மறதி உண்டா, என்ன வேலை பார்த்தார், முன்பு எங்கே குடியிருந்தார், இந்த நேரத்தில் வீட்டில் என்ன செய்வார், என்ன சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார். பிரிட்டனில் இதற்கு ஒரு படிவமே உண்டு. டிமென்ஷியாவோடு வாழ்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற நார்மண்டிப் போர்வீரரின் பெயரில் அதை ஹெர்பர்ட் நெறிமுறை என்கிறார்கள். குடும்பத்தார் இந்த விவரங்களை முன்கூட்டியே எழுதி வீட்டில் வைத்திருப்பார்கள், ஆள் காணாமல் போன அன்றே அதைப் போலீஸிடம் நீட்டலாம். நம் வீடுகளிலும் இப்படி ஒரு தாள் இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

"மறதி உண்டா" என்ற கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்கே தனியாகப் பயிற்சி கொடுத்தோம். ஓரமாகக் கூப்பிட்டு, உட்கார வைத்து, "எங்க வீட்லயும் உண்டு, சொல்லுங்க" என்று அக்கா கேட்ட தொனியில்.

மறதி உண்டு என்று தெரிந்தால் அந்த நிமிடமே 112, ஸ்டாஃப் கேட் உட்பட எல்லா வாசல் பதிவும் ஒரே சமயத்தில், இரண்டு பேர் உடனே வெளியே பஸ் நிறுத்தம் பக்கம். உள்ளே தேடுவது அதோடு சேர்ந்து நடக்கட்டும். மைக் அறிவிப்பை மற்றவர்களுக்கானதாக மாற்றினோம், பாட்டை நிறுத்திவிட்டு: "நீலப் புடவை, பழுப்பு நிறத் தோல் பையோடு ஓர் அம்மாவைப் பார்த்தால் அவர்களோடேயே இருங்கள், பக்கத்தில் உள்ள ஊழியரிடம் சொல்லுங்கள்" என்ற மாதிரி. ஸ்டாஃப் கேட்டில் பையைப் பார்ப்பதற்கு முன் கார்டைப் பார்க்கிறார்கள். வாடிக்கையாளர் தளங்களில் உள்ள சர்வீஸ் கதவுகள் இப்போது கார்டு தட்டினால்தான் திறக்கும், தீ விபத்து என்றால் தானாகத் திறந்துகொள்ளும்படி. அந்தக் கடைசிப் பகுதிக்குத் தீயணைப்பு ஆலோசகரைக் கேட்காமல் யாரும் கை வைக்காதீர்கள், வெளியேறும் வழியைப் பூட்டுவது இதைவிடப் பெரிய ஆபத்து.

முன்வாசலில் பெரிய கறுப்பு மிதியடி இருந்தது. டிமென்ஷியா உள்ள சிலருக்குக் கறுப்புத் தரை பள்ளம் மாதிரி தெரியும் என்று படித்த பிறகு மகளிடம் கேட்டேன். உள்ளே வரும்போதே அம்மா அதன் ஓரத்தில் நின்று, மருமகன் கையைப் பிடித்த பிறகுதான் கால் வைத்தாராம். தரையின் நிறத்துக்கு ஒத்த மிதியடியாக மாற்றிவிட்டோம்.

குடும்பத்தோடு நான்கு மாதம் தொடர்பில் இருந்தேன். அம்மாவின் தோல் பைக்குள், சில்லறை வைக்கும் அறையிலேயே, மகளின் போன் எண் எழுதிய அட்டை இருக்கிறது, அவர் முதலில் கையை விடுவது அந்த அறைக்குள்தான் என்பதால். அவரை வெளியே கூட்டிப் போவதை நிறுத்தவில்லை. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, காலையில் வருகிறார்கள், மதியத்துக்குள் கிளம்பிவிடுகிறார்கள். தன்னால் தனியாகச் சமாளிக்க முடியாத நாட்களில் முதியோர் உதவி எண் 14567க்குப் பேசியதில் சில வழிகள் கிடைத்தன என்றும் மகள் சொன்னார்.

இன்னும் பாக்கி

கன்ட்ரோல் ரூமுக்கு இரண்டாவது ஆள் கேட்டிருந்தோம். விடுமுறை நாட்களுக்கு மட்டும் கிடைத்தது.

ஒவ்வொரு தளத்திலும் பெரிய முள் கடிகாரம் வைக்கக் கேட்டதற்கு, மார்க்கெட்டிங் தரப்பில் வாடிக்கையாளர் நேரத்தைப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள் என்றார்கள். நான் அந்த வேலையை விட்டு வரும்வரை ஒரே ஒரு கடிகாரம்தான் வந்திருந்தது, ஹெல்ப் டெஸ்க்குக்கு மேலே. அதற்குக் கீழே, கதவுகள் எதுவும் கண்ணில் படாதபடி, முதுகு சாய்க்கும் நாற்காலி நான்கு போட்டோம். பெரியவர்களை உட்கார வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஹெல்ப் டெஸ்க் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். சனிக்கிழமைகளில் ஐந்து மணிக்கு அந்த நான்கும் நிறைந்துதான் இருந்தன.